கடிவாளம் மாட்டிய கை

கால்நடை மருத்துவம் படித்த உங்களில் பலருக்குக் குதிரை என்பது தேர்வு எழுதியதோடு முடிந்துபோன பிராணி. பணியில் சேர்ந்த பிறகு மாடு வரும், ஆடு வரும், கோழி வரும், நாய் வரும். குதிரை வராது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் இந்தக் கரைக்கு மாற்றலாகி வந்தேன். இராமேஸ்வரம் வருகிறவர்கள் தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மத்தியானத்துக்கு மேல் தனுஷ்கோடி மணலுக்குப் போவார்கள். அங்கே பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று நடத்திக் கூட்டிவரக் குதிரைகள் நிற்கும். பெரும்பாலும் உள்ளூர்க் கிராமங்களில் வண்டிப் பந்தயம் ஓடி, இனி ஓடாது என்று கழித்துவிடப்பட்டவை. அவற்றுக்கு முடியாமல் போனால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்போது மருந்துப் பெட்டிக்கு முன்னால் உங்களுக்கு வேண்டியது வார்த்தைகள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகில் வைப்பது சேணம். அது நழுவாமல் அடிவயிற்றைச் சுற்றி இறுக்குவது வயிற்று வார். ஏறுகிறவர் காலை நுழைக்கும் வளையம் அங்கவடி. தலையில் பூட்டுவது கடிவாளம். அதில் ஓர் இரும்புத் துண்டு உண்டு. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில், நாக்கின்மேல் அது உட்காரும். அந்த இரும்பின் இரண்டு முனைகளிலிருந்தும் ஏறியிருப்பவர் கைக்கு வருகிற வார்தான் லகான். இரும்பே இல்லாமல், கட்டிப்போடுவதற்கும் நடத்திக் கூட்டிப்போவதற்கும் முகத்தில் மாட்டுவது முகக்கயிறு.

புத்தகத்தில் இப்படித் தனித்தனியாகக் கிடக்கும். மணலில் அப்படிக் கிடக்காது. அங்கே ஒரு வார்த்தையை ஆளுக்கொரு பொருளில் சொல்வார்கள். அதனால் என்ன ஆகும் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் பணியின் கடைசி வருடம். ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். தீவு முழுக்க வெளியூர்க் கூட்டம். குதிரைக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று போன் வந்தது. பேசியவர் மலைச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி. மழை தொடர்ந்து ஏமாற்றியதில் காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு, மனைவி பாக்கியத்தோடு கடற்கரைக்கு வந்து இரண்டு குதிரைகள் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். நோய்ப்பட்டது வெள்ளச்சி என்ற பெட்டைக் குதிரை. சாதுவானது. பிள்ளைகள் அதைத்தான் கேட்டு ஏறுவார்கள்.

நான் போனபோது சாலையோரச் சீமைக்கருவேல நிழலில் வெள்ளச்சி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வழிந்தது.

"நேத்து ஒரு பிள்ளை முழுக் கேரட்ட ஊட்டிருச்சு டாக்டரம்மா" என்றார் மலைச்சாமி. "அதுதான் தொண்டையில நிக்கிது. காலையில இருந்து நானும் கையவிட்டுப் பாக்குறேன், எட்ட மாட்டேங்குது. நீங்க விட்டு எடுத்துருங்க."

வலது கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பல் சிராய்த்த கோடுகள். அதன்மேல் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

கையுறையை எடுத்தவள் அதை மாட்டாமல் அப்படியே நின்றுவிட்டேன். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. உணவுக்குழாய் அடைத்தால் தின்றதும் எச்சிலும் மூக்கு வழியாகத்தான் திரும்பி வரும். வெள்ளச்சியின் மூக்கு காய்ந்திருந்தது. எல்லாம் வாய் வழியாகவே வழிந்தது. அதற்கு விழுங்கவே முடியவில்லை. பின்பக்கம் இரண்டு பக்கமும் ஆடியது.

"பின்னங்கால் எப்ப இருந்து இப்பிடி?"

"ரெண்டு நாளா நொண்டுது. லாடம் குத்துது போலன்னு விட்டுட்டேன்."

நொண்டுது என்ற சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். நொண்டுகிற குதிரை எந்தக் காலில் வலியோ அந்தக் காலை மட்டும் காப்பாற்றும். மற்ற மூன்றையும் உறுதியாக ஊன்றும். வெள்ளச்சி எந்தக் காலையும் காப்பாற்றவில்லை. அதற்குக் கால்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. இது குளம்பில் உள்ள கோளாறு அல்ல, நரம்பில் உள்ளது.

அந்த நேரத்தில் அது கழுத்தை வளைத்துத் தன் முன்னங்காலைத் தானே கவ்வியது. தோல் கிழிகிற சத்தம் கேட்டது. விடவில்லை. கவ்விய இடத்துக்குப் பக்கத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது.

"அது என்ன காயம் தம்பி?"

"முள்ளு கிழிச்சது."

தண்ணீர் வாளியோடு வந்த பாக்கியம் அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "முள்ளா? நாயி கடிச்சதுன்னு நீங்கதான மஞ்சப்பத்து போட்டீக?"

மலைச்சாமி அவளைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

உயிரோடு நிற்கிற குதிரையை வைத்து இது வெறிநோய்தான் என்று அடித்துச் சொல்ல நம்மிடம் வழியில்லை. மூளையைச் சோதித்தால்தான் தெரியும். நான் நினைத்தது தவறாக இருந்தால் திருவிழா நாளில் ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்து, தீவு முழுவதும் பீதியைக் கிளப்பியவள் ஆவேன். சரியாக இருந்து, நாளைக்கு உறுதியாகட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால், இந்தக் குதிரைக்குக் கேரட் கொடுத்த பிள்ளைகள் அமாவாசை முடிந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. முதல் தவறுக்கு நான் திட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதை யாராலும் சரிசெய்ய முடியாது. இப்படி நிறுத்துப் பார்க்கிற வேளை உங்களுக்கும் வரும். எது திரும்பச் சரிசெய்ய முடியாததோ அதைத்தான் முதலில் தடுக்க வேண்டும்.

"நான் கைய விட மாட்டேன் தம்பி. நீங்களும் இனிமே கிட்டப் போகக் கூடாது."

"கைய விடப் பயந்தா நீங்க எதுக்கு டாக்டரு?"

"பயந்துதான் சொல்றேன். இது வெறிநாய்க்கடி நோயா இருக்கும்னு நினைக்கிறேன்."

"குதிரைக்கா?" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு மற்ற குதிரைக்காரர்கள் நின்ற திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "மெதுவாச் சொல்லுங்கம்மா. நாளைக்கு அமாவாசை."

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். பாக்கியம் தண்ணீர் ஊற்ற, தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சிராய்ப்பில் சோப்பு எரிந்திருக்கும். முகத்தைச் சுளிக்கவில்லை. கண் முழுக்க வெள்ளச்சியின் மேலேயே இருந்தது.

"குதிரையைத் தொட்டது யார் யாரு?" என்று கேட்டேன்.

"நூறு பேரு தொட்டிருப்பாக."

என் கேள்வியே சரியில்லை. எச்சிலில்தான் நோய் இருக்கிறது. சேணத்தில் உட்கார்ந்துபோன பிள்ளைக்கும், அங்கவடியில் கால் வைத்தவனுக்கும் எச்சிலோடு சம்பந்தமில்லை. கையால் தீனி கொடுத்து, நக்க விட்டவர்கள் வேறு. எல்லோரையும்விட ஆபத்தில் இருப்பது கடிவாளம் மாட்டுகிறவர். கட்டைவிரலைக் கடைவாய்க்குள் விட்டு அழுத்தினால்தான் குதிரை வாயைத் திறக்கும். தினமும் அந்தக் கை எச்சிலில் நனையும். அதனால் கேள்வியைப் பிரித்தேன். தீனி கொடுத்தது யார், வாயைத் துடைத்தது யார், கடிவாளம் மாட்டியது யார்?

"கடிவாளம் நான் மட்டுந்தான்."

"உங்ககூட ஒருத்தர் வேலை பார்த்தாரே?"

"காளிமுத்தா? அவன் லகான் பிடிக்கிறதோட சரி. ரெண்டு நாளைக்கு முன்ன வேலைய விட்டுட்டுப் போயிட்டான்."

லகான் பிடிக்கிறவன் என்றால் வாயிலிருந்து தள்ளி நிற்பவன். அவசரமில்லை என்று அடுத்த கேள்விக்குப் போனேன். கருவேலங்கிளையில் கடிவாளம் தொங்கியது. அதில் எச்சில் இருக்குமே என்று, "அந்தக் கடிவாளத்தைக் குச்சியால எடுத்து இந்தப் பையில போடுங்க" என்றேன்.

"எது, லகானா?" என்று கேட்டுக்கொண்டே மலைச்சாமி அதைக் குச்சியால் தூக்கினார்.

"இருங்க. லகான்னு எதைச் சொல்றீங்க? தொடாமக் காட்டுங்க."

கடித்துக் கடித்துத் தேய்ந்துபோயிருந்த அந்த இரும்பைக் காட்டினார். "இதுதான். மொத்தமும் லகான்தானம்மா."

"அப்ப தினமும் காலையில இதை வாயில மாட்டினது யாரு?"

பாக்கியம்தான் சொன்னாள். "காளிமுத்துதான் மாட்டுவான். அன்னைக்கி வெள்ளச்சி அவன் விரலக் கடிச்சிருச்சு. ரத்தம். இது சரியில்லண்ணே, நான் மாட்ட மாட்டேன்னான். வேலைக்கு வணங்காதவன்னு சொல்லி இவுக கை நீட்டிட்டாக. அதுலதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

ஊர்க்காரர் ஒரு வார்த்தை சொல்லும்போது உங்களுக்குத் தெரிந்த பொருளை அதில் ஏற்றிவிடாதீர்கள். காட்டச் சொல்லுங்கள். பொய் சொல்ல நினைக்கிறவருக்கும் கையால் காட்டும்போது பொய் வராது.

அந்தக் குதிரைக்குத் தீனி ஊட்டியவர்கள் ஊசி போட வர வேண்டும் என்று அன்று சாயங்காலமே விடுதிகளிலும் கோயில் தெருக்களிலும் அறிவிப்புச் செய்ய வைத்தோம். குதிரைச் சவாரி எல்லாம் நிறுத்தப்பட்டது. மற்ற குதிரைக்காரர்கள் மலைச்சாமியை ஏசினார்கள், என்னையும் ஏசினார்கள். வெள்ளச்சிக்கு மயக்க மருந்து கொடுத்து, தனியாகக் கட்டி, சுற்றிலும் கயிறு கட்டி ஆளை நிறுத்தினோம். மறுநாள் கூட்டம் கடலில் முங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது விழுந்து, கால்களை உதைத்து, செத்தது. மூளை மாதிரியை அனுப்பினோம். வெறிநோய்தான் என்று பதில் வந்தது. பதில் வரும் என்று காத்திருக்காமல் அதற்கு முன்பே ஊசிகள் தொடங்கியிருந்தோம்.

காளிமுத்துவின் போன் அணைந்து கிடந்தது. சுகாதாரத் துறைச் செவிலியர் ஒருவரோடு அவன் ஊருக்கு ஜீப்பில் போனேன். கண்மாய்க்கு அந்தப் பக்கம் விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் இருந்தான். முப்பது வயதுக்காரன். விரலில் துணி சுற்றியிருந்தது. கரியில் அது கறுத்துப் போயிருந்தது.

"அவரு அனுப்புனாரா? நான் வர மாட்டேன்" என்றான் எடுத்த எடுப்பிலேயே.

"அவர் அனுப்பல. வெள்ளச்சி செத்துப்போச்சு."

கையில் இருந்த விறகை அப்படியே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தான். என்ன நோய், ஏன் அவனைத் தேடி வந்தோம் என்று சொன்னோம். கேட்டுவிட்டு, "அவருக்கு ஊசி போட்டாச்சா?" என்றான். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். கடிவாயில் சுற்றிப் போடுகிற ஊசி மிகவும் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டான். ஒரு தவணைகூடத் தவறாமல் வந்து முடித்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கனமானது. மலைச்சாமியையும் அமாவாசை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தோம். அறிவிப்பைக் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோர்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். பிள்ளைகள் ஊசியைப் பார்த்து வீறிட்டுக்கொண்டிருந்தன. யாரோ மலைச்சாமியை அடையாளம் கண்டுவிட்டார்கள். ஒரு தகப்பன், தோளில் அழுகிற பெண் குழந்தை, அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டான்:

"நாய் கடிச்சது தெரிஞ்சேதான் எம்பிள்ளைய அதுல ஏத்துனியாடா?"

மலைச்சாமி ஒன்றும் சொல்லவில்லை என்று அங்கே இருந்த செவிலியர் என்னிடம் சொன்னார். முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். காயத்தில் போட வேண்டிய ஊசிக்குக் கூப்பிட்டபோது ஆளைக் காணவில்லை.

தேடினோம். போனில் கேட்டால், "ஊர்ப்பக்கம் போட்டுக்கிட்டேம்மா" என்பார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு அங்கே விசாரித்தால் அப்படி ஒருவர் வரவே இல்லை என்பார்கள். மறுபடி கேட்டால் தனியார் டாக்டர் என்பார். கிராமத்து வீட்டுக்கே போனேன். "போட்டாச்சுன்னுதான் சொல்றாக" என்று பாக்கியம் முழித்தாள். நான் வந்தது தெரிந்து அவர் கொல்லைப்பக்கமாகக் காட்டுக்குள் போயிருந்தார். வீட்டுக்குப் பின்னால் அவருடைய இரண்டாவது குதிரை தனியாகக் கட்டிக் கிடந்தது. அதைப் பல மாதம் கண்காணிக்க வேண்டும், தனி வாளி வைக்க வேண்டும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அத்தனையும் அட்சரம் பிசகாமல் செய்திருந்தார். கழுவிய கையுறைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. குதிரைக்குச் செய்ததை அந்த மனிதர் தனக்குச் செய்துகொள்ளவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம் பாக்கியம் போன் செய்தாள். "தண்ணிய வாய்கிட்டக் கொண்டுபோனா இவுகளுக்குத் தூக்கித் தூக்கிப் போடுதும்மா." அந்த நோய் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் திரும்பாது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வெளிச்சம் குறைத்த ஓர் அறையில் மலைச்சாமியைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். காற்று பட்டால் உடம்பு உதறியது. உதறல் அடங்கிய நேரங்களில் தெளிவாகப் பேசினார். அதுதான் அந்த நோயின் கொடுமை.

"அந்தப் பிள்ளைக எல்லாம் நல்லா இருக்காகளாம்மா?"

"நல்லா இருக்காங்க."

"காளிமுத்து?"

"நல்லா இருக்கான்."

"அந்தத் தகப்பன் கேட்டதுக்கு நான் என்னத்தச் சொல்ல? தெரியும்னு எப்பிடிச் சொல்ல? மறுபடி அந்த வரிசையில போயி நிக்க என்னால ஏலலம்மா."

அடுத்த உதறல் வந்தது. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அறிவிப்புச் செய்தது சரிதான். இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். ஆனால் நீங்கள் ஒன்றைக் கூடுதலாகச் செய்யுங்கள். நோய்ப்பட்ட பிராணியின் சொந்தக்காரரை, அந்தப் பிராணியால் பயந்துபோனவர்களோடு ஒரே வரிசையில் நிற்க விடாதீர்கள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அல்லது பின்வாசல் வழியாகக் கூட்டிப் போங்கள். கடைசி ஊசி முடியும் வரைக்கும் ஓர் ஆள் கூடவே போகட்டும். இதைச் சலுகை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். வெட்கப்பட்டு ஓடுகிறவனுக்கு ஊசி போட முடியாது.

அவர் உடம்பைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். மழை விட்டிருந்தது. வீட்டு முன்னால் பாடை தயாராக இருந்தது. ஊர் முழுவதும் வந்திருந்தது. ஆனால் எல்லோரும் எதிர்ச்சுவர் ஓரமாகவே நின்றார்கள். எச்சில் பட்டால்தான் ஆபத்து, உறைக்கு மேல் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். கையுறைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். யாரும் முன்னால் வரவில்லை. உள்ளே பாக்கியத்தின் அழுகை நின்றுபோயிருந்தது. வெளியே சத்தமே இல்லாததை அவளும் கவனித்திருக்க வேண்டும்.

தெருமுனையில் சைக்கிளைச் சாத்திவிட்டுக் காளிமுத்து வந்தான். நேரே கரிமூட்டத்திலிருந்து வந்திருக்கிறான், கை இரண்டும் கறுப்பு. தெருக்குழாயில் கழுவிவிட்டு, என் பெட்டியிலிருந்து கையுறை எடுத்து மாட்டிக்கொண்டான்.

எதிர்ச்சுவர் ஓரத்தில் இருந்த ஒருவர் சொன்னார்: "ஏலே, உன்னைய அடிச்சு விரட்டுன ஆளுடா."

"அடிச்சாருதான்" என்றான். "எனக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு. தலைமாட்டை நான் பிடிக்கிறேன். கால்மாட்டுக்கு யாராச்சும் வாங்க."

எல்லோரும் பயந்தது தலைமாட்டுக்குத்தான். அவன் அங்கே குனிந்து, உறைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தோளை ஏந்திக்கொண்டு காத்திருந்தான். முதலில் பாக்கியத்தின் தம்பி வந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். பிறகு பெட்டியில் இருந்த கையுறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.